அளந்து பார்த்து அழியுங்கள்



2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இயங்குதளம் அது. லினக்ஸ் போட்ட கணினி உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைய பேச்சு உங்களுக்குத்தான்.

‘டிஸ்க்கில் இடமில்லை’ என்று திரையில் வந்ததும், கண்ணில் பட்டதை எல்லாம் அழிக்கக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். கல்யாணப் படமும் பிள்ளையின் பிராஜெக்ட்டும் போன பிறகு வருந்திப் பயனில்லை. இடத்தை அடைப்பது எது என்று முதலில் கணினியிடமே கேளுங்கள்.

கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்து, சின்ன எழுத்தில் டி, யூ (du) என்று தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடு போட்டு, ஒட்டினாற்போல் எஸ், எச். மறுபடி இடைவெளி, பிறகு ஃபோல்டரின் பெயர். என்டர் தட்டினால் ஒரே வரியில் பதில் வரும். எஸ் என்றால் மொத்தக் கணக்கு மட்டும். எச் என்றால் மெகாபைட், ஜிகாபைட் என்று நமக்குப் புரிகிற அளவில். 1971-இல் வந்த யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே இந்தக் கட்டளை உண்டு.

எஸ், எச் இருந்த இடத்தில் எச், டி (hd) என்று ஒட்டித் தட்டி, இடைவெளி விட்டு 1 என்று கொடுத்தால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரின் கணக்கும் தனித்தனியாக வரும். புள்ளியில் தொடங்கும் பெயருள்ள மறைந்த ஃபோல்டர்களும் அதில் வந்துவிடும். பிரவுசர் சேர்த்து வைத்த தற்காலிகக் கோப்புகளும், குப்பைத் தொட்டிக்குப் போயும் இடத்தை விடாத கோப்புகளும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். டிஸ்க் பொதுவாக 4,096 பைட் கொண்ட துண்டுகளாகவே இடம் ஒதுக்கும். 100 பைட் கோப்புக்கும் ஒரு முழுத் துண்டு போய்விடும். அப்படிப் பத்தாயிரம் கோப்பு இருந்தால், உள்ளடக்கம் 1 மெகாபைட்தான். பிடிக்கும் இடமோ ஏறக்குறைய 40 மெகாபைட். டி, யூ சொல்வது டிஸ்க்கில் உண்மையாகப் போன இந்த இடத்தைத்தான்.

இந்தக் கட்டளை எதையும் அழிக்காது, மாற்றாது. அளந்து மட்டுமே சொல்லும். ஆகவே பயமில்லாமல் பிள்ளைகளையே தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புது டிஸ்க் வாங்கப் பணம் எடுத்து வைக்கும் முன், இருக்கிற டிஸ்க்கின் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.