வீட்டு மின்சாரமும் மின்சாரக் காரும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புகைவண்டி நிலையத்து எழுத்தராகிய நாம் மின்சாரம் பற்றிப் பேசுவதற்கு என்ன தகுதி உண்டென்று நீங்கள் வினவலாம். பட்ட பாடே தகுதி!

சென்ற சித்திரைத் திங்களில் எம் மைந்தன் கடன் பெற்று மின்சாரக் கார் ஒன்று வாங்கினான். அன்றிரவே, இஸ்திரிப் பெட்டிக்கென வைத்திருந்த பழைய 16 ஆம்பியர் பிளக்கில் அதனை இணைத்தோம். குளிர்சாதனம் ஓடிற்று, அன்னையார் நீராட ஹீட்டரும் எரிந்தது. சிறிது நேரத்தில் கருகிய நாற்றம் எழுந்தது, பியூஸ் போயிற்று, வீடு இருண்டது. எண்பது வயது அன்னையார்க்கு விடியுமளவும் பனையோலை விசிறியால் விசிறினோம். வயரிங்கில் தீப்பற்றாதது எம் நற்பேறு.

காரணம் எளிது. அந்தப் பிளக்கில் கார் ஏறத்தாழ 3.3 கிலோவாட் இழுக்கும். குளிர்சாதனம் ஒன்றரை, ஹீட்டர் இரண்டு. கூட்டினால் 6.8. கேரளத்தில் ஒருமுனை இணைப்பு 5 கிலோவாட் வரைக்கே உரியது. மேற்படின் மும்முனை வேண்டும். சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் சார்ஜர் தான் ஒன்றாகவே அவ்வெல்லையைக் கடந்துவிடும்! மேலும், ஹீட்டர் சிறிது நேரமே எரியும். 30 யூனிட் கொள்ளும் காரோ ஒன்பது, பத்து மணி நேரம் விடாது இழுக்கும். நொந்த வயர் அச்சூட்டைத் தாங்குமோ?

இஃது ஒரு வீட்டோடு முடிவதுமன்று. தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மர் அனைவர்க்கும் பொது. 2024 கோடையில் கேரளத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைக் கடந்தது. இரவில் வண்டிகளுக்கு மின்னேற்றுவதும் அதற்கொரு காரணமென்று மின்வாரியம் கூறிற்று.

ஆகவே, அன்பர்களே! கார் வாங்குமுன் உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து வீட்டைக் காட்டுங்கள். மீட்டரிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், நல்ல எர்த் ஆகியவற்றை அமையுங்கள். மின்வாரியத்தில் விண்ணப்பித்துக் கூடுதல் சுமைக்கு இசைவு பெறுங்கள். மாலையிலும் முன்னிரவிலும் மின்னேற்றாதீர்; நள்ளிரவுக்குப் பின்னரோ, கூரையில் சூரியத் தகடு உடையோர் பகலிலோ ஏற்றுங்கள். ஹீட்டரும் காரும் ஒருங்கே வேண்டா.

இஞ்சினின் வலிமை அறிந்தே பெட்டிகளைக் கோப்பது எமது ரயில்வே வழக்கம். மயிற்பீலியே ஆயினும் அளவு மிஞ்சின் அச்சு முறியும் என்று வள்ளுவர் பெருமான் என்றோ உரைத்தார். வந்த ஊரில் நற்பெயருடன் வாழும் நாம், அண்டை வீட்டார் விளக்கு மங்க நம் வண்டி ஓடுதல் தகுமா? எண்ணிப் பாருங்கள்.