கவசத்துக்கு எட்டாத காயம்



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் மரபு. இன்று அம்மரபினின்று சற்றே விலகி, ஒரு விளையாட்டைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். அதுவும் நம் நாட்டில் அருகியே ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்து. நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அந்நாட்டுப் பள்ளிகளில் பயில்கின்றனர். அவர்களையும் இவ்வாட்டம் அழைக்கிறது. ஆதலின் இது நமக்கு முற்றிலும் அயலான செய்தியன்று.

பெயர் கால்பந்து எனினும், பந்து பெரும்பாலும் கையிலேயே இருக்கும். அணிக்குப் பதினொருவர். முட்டை வடிவான பந்தை ஏந்தி ஓடுபவனை எதிரணியினர் பாய்ந்து பற்றித் தரையில் வீழ்த்துவர். முன்வரிசையில் நிற்கும் வல்லுடலினரோ, பந்து அசைந்த கணமே ஒருவரையொருவர் முட்டி மோதுவர். மோதலே இவ்விளையாட்டின் உயிர். இன்று அதன் எதிர்காலத்தை ஐயத்துக்குள்ளாக்கியிருப்பதும் அம்மோதலே.

இத்தகைய ஐயம் முன்னும் ஒருமுறை எழுந்தது. 1905ஆம் ஆண்டில் ஏறத்தாழ 18 இளைஞர் இவ்வாட்டத்தால் உயிரிழந்தனர் எனச் செய்தித்தாள்கள் எழுதின. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய கல்லூரிகளின் பொறுப்பாளரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டே விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறிய இசைவு கிடைத்தது; திரண்டு நெருக்கிச் செல்லும் முறைகள் கட்டுப்படுத்தப்பட்டன. ஆட்டம் பிழைத்தது. மரணம் கண்முன்னே நிகழ்ந்தமையால் மாற்றமும் விரைந்து வந்தது என்பதை நாம் கருத வேண்டும்.

இன்றைய கேடு கண்முன்னே நிகழ்வதில்லை. பிற்காலத்தில் வந்த வன்மையான தலைக்கவசம் மண்டையோடு பிளவாமல் காக்கிறது. ஆயின் மூளை மண்டையோட்டினுள் நீர்மத்தால் சூழப்பட்ட மென்மையான உறுப்பு. தயிர்க்குடத்தை வண்டியிலேற்றி விரைந்து சென்று திடுமென நிறுத்தினால், குடம் உடையாது. உள்ளிருக்கும் தயிர் குலைந்துவிடும். குடத்தைச் சுற்றி வைக்கோலை எவ்வளவு திணித்தாலும் அக்குலைவை முற்றிலும் தடுக்க இயலாது. கவசத்தின் நிலையும் அத்தகையதே.

அடிபட்டு நினைவிழப்பது மட்டும் கேடு என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். மயக்கம் தராத சிறு மோதல்கள், ஆண்டுக்கணக்கில் அடுக்கி வந்தால், அவையும் மூளையைச் சிதைக்கக்கூடும் என்பதே இன்றைய ஆய்வு காட்டும் உண்மை. குத்துச்சண்டை வீரரிடம் இத்தகைய தடுமாற்றத்தை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்டு 1928ஆம் ஆண்டிலேயே விவரித்திருந்தார். கால்பந்து உலகம் அதனைத் தன்மேல் பொருத்திப் பார்க்கவில்லை.

மைக் வெப்ஸ்டர் என்பவர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் நடுவரிசை வீரர். நான்கு முறை சூப்பர் பவுல் வெற்றி கண்டவர். ஓய்வு பெற்றபின் அவர் நினைவு குழம்பினார், பொருளிழந்தார், சில நாள் தம் வண்டியிலேயே உறங்கினார். 2002ஆம் ஆண்டில், 50 வயதில் மறைந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்தவர் நைஜீரியாவில் பிறந்த பென்னட் ஒமாலு. வெளித்தோற்றத்தில் குறையற்றிருந்த அம்மூளையின் நுண்திசுக்களில் டௌ என்னும் புரதம் படிந்திருந்தது. 2005இல் அவர் அதனை வெளியிட்டபோது, தேசியக் கால்பந்துக் கழகத்தைச் சார்ந்த மருத்துவர்கள் அக்கட்டுரையைத் திரும்பப் பெறுமாறு வற்புறுத்தினர். அக்கழகத்தின் மூத்த அலுவலர் ஒருவர் இத்தொடர்பை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 2016ஆம் ஆண்டு ஆயிற்று.

2011இல் டேவ் டூயர்சன் என்னும் முன்னாள் வீரர், தம் மூளையை ஆய்வுக்கு அளிக்குமாறு எழுதி வைத்துவிட்டு உயிர்நீத்தார். இந்நோயை உயிரோடிருக்கையில் உறுதிசெய்யும் வழி இன்றும் இல்லை. இதனை எண்ணினால் அவர் வேண்டுகோளின் துயரம் விளங்கும்.

பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தேசியக் கழகத்தில் ஆடிய 111 பேரின் மூளைகளுள் 110இல் இந்நோய் காணப்பட்டது. இவ்வெண்ணைக் கேட்டவுடன் அனைவரும் நோயாளிகளே என முடிவு கட்டலாகாது. ஐயம் கொண்ட குடும்பத்தார் மனமுவந்து அளித்த மூளைகள் அவை. ஆயினும், அஞ்சத் தேவையில்லை என்று கூறவும் அவ்வெண் இடந்தரவில்லை.

முன்னாள் வீரர் 4,500க்கு மேற்பட்டோர் வழக்குத் தொடுத்தனர். 2013இல் 76 கோடியே 50 இலட்சம் டாலருக்கு உடன்பாடு கண்டு, பின்னர் அவ்வரம்பும் நீக்கப்பட்டது. அதிலும் ஓர் அநீதி ஒளிந்திருந்தது. கறுப்பின வீரரின் அறிவாற்றல் தொடக்கத்திலேயே குறைவென்று கொள்ளும் கணக்கு முறையொன்று இழப்பீட்டுச் சோதனையில் கையாளப்பட்டது. அவர்கள் எதிர்த்துப் போராடியபின், 2021இல் அதனைக் கைவிடுவதாகக் கழகம் அறிவித்தது. மூளையை ஈந்தவர்க்கும் நிறம் பார்த்து அளந்தனர் என்பது நம் நெஞ்சைச் சுடுகிறது.

திருத்தங்கள் நிகழாமல் இல்லை. ஐவி லீக் கல்லூரிகள் 2016இல் ஆட்டத் தொடக்க உதையின் இடத்தை ஐந்து கஜம் முன்னே நகர்த்தின. அவ்வகை உதையில் நேரும் மூளை அதிர்ச்சி, ஆயிரத்துக்கு ஏறத்தாழ 11 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்தது. ஒரு விதியின் சிறு மாற்றம் இத்துணைப் பயன் தருமெனில், ஆட்டத்தின் கேடு விதிவசமன்று; விதிமுறைவசமே. இடுப்பில் கட்டிய துணிப்பட்டையைப் பறிப்பதையே வீழ்த்தலாகக் கொள்ளும் மென்மையான வகை, 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டுள்ளது.

எதிர்காலம் யாதாகும்? 2024ஆம் ஆண்டின் சூப்பர் பவுல் ஆட்டத்தை அமெரிக்காவில் 12 கோடிக்கு மேற்பட்டோர் கண்டனர். அவ்வாட்டம் நாளையே மறையும் என்பார் உலகறியார். ஆனால் உயர்நிலைப் பள்ளிகளில் 2008-09இல் 11 இலட்சத்துக்கு மேலிருந்த ஆட்டக்காரர் தொகை, பத்தாண்டில் ஏறத்தாழ 10 இலட்சமாகத் தாழ்ந்தது. பின்னர் ஓரளவே தேறியது. இதன் முடிவு அரங்கத்தில் எழுதப்படப் போவதில்லை. பிள்ளையின் இசைவுத்தாளில் பெற்றோர் கையெழுத்திடும் மேசைமேல் எழுதப்படும்.

வளர்ந்தவன் தீங்கை அறிந்து, ஊதியம் பெற்று, களம் புகுவது அவன் உரிமை. பத்து வயதுச் சிறுவன் எதனை அறிந்து இசைவான்? ஆடிய ஆண்டுகள் பெருகப் பெருக ஆபத்தும் பெருகுகிறது என ஆய்வு கூறும்போது, அவ்வாண்டுகளைச் சிறுவயதிலேயே தொடங்கி வைப்பது அறமாகாது என்பது நம் துணிபு. ஓட்டமும் உடல் வலிமையும் தோழமையும் பிள்ளைகளுக்கு வேண்டும். துணிப்பட்டை ஆட்டத்திலும் அவை கிட்டும். கடல் கடந்து வாழும் நம் உற்றாரிடம் இதனை நாம் தயங்காது எடுத்துரைப்போமாக. தொலைக்காட்சி முன் அமர்ந்து ஒரு மோதலுக்குக் கைதட்டும்போதும், வீழ்ந்தவன் எழுந்தானா என்று மட்டும் பாராமல், இருபதாண்டு கழித்து அவன் தன் மக்களின் பெயரை நினைவில் வைத்திருப்பானா என்றும் ஒரு கணம் எண்ணுவோமாக.