கிறீன் வைத்தியரின் மேசையிலிருந்த நூல்கள்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



"வாசிப்பும் எழுத்தும்" என்ற பொருளில் பேசும்படி கேட்டிருந்தார்கள். கதை, கவிதை படைத்தவர்களைப் பற்றிப் பேச இந்த மண்டபத்திலேயே தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நாங்கள் மருத்துவத் துறையைச் சேர்ந்தவர்கள். ஆகவே, நோயாளரைப் பார்த்தபடியே தமிழில் நூல்களை ஆக்கிய ஒருவரின் பணியை இன்று நினைவுகூர விரும்புகிறோம். அவர் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவரது வரலாற்றை எங்களுக்குத் தேடித் தந்தவர் கவிஞர் அம்பி.

கிறீன் 1822 இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் கற்று, 1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் மருத்துவ மாணவரைப் பயிற்றத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் உத்தியோகம் தேடி ஊரை விட்டுப் போவதைக் கண்டார். தமிழில் கற்றவர்கள் கிராமங்களிலேயே தங்குவார்கள் என்று கருதினார். 1862 இல் இரண்டாவது தடவையாக இங்கு வந்தபின் தமிழிலேயே கற்பித்தார். அவ்வாறு தமிழில் கற்று வைத்தியரானவர்கள் 33 பேர்.

தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டும். அதற்காக அவர் எவற்றைத் தெரிவுசெய்தார் என்று பார்த்தாலே மனிதரின் மனம் விளங்கும். கல்வின் கட்டர் எழுதிய உடலியல் நூல் பாடசாலைகளுக்கும் குடும்பங்களுக்குமென எழுதப்பட்டது. டிறூயிற்றின் சத்திரசிகிச்சை நூலும் ஹூப்பரின் வைத்திய நூலும் தொழில் செய்பவர் கையோடு வைத்திருக்கும் கைந்நூல்கள். இரசாயனத்துக்கும் ஒரு பாடநூலைத் தெரிவுசெய்தார். நாளைக்கு ஒரு நோயாளியின் முன்னால் நிற்கப் போகிறவனுக்கு எது உதவும் என்ற கேள்வியோடு வாசித்த ஒருவரின் தெரிவு இது. லண்டனில் 1858 இல் முதற்பதிப்புக் கண்ட கிறேயின் உடற்கூற்று நூல், 1872 இல் "மனுஷ அங்காதிபாதம்" என்று தமிழில் வெளிவந்தது. பதினான்கே ஆண்டுகள்! இன்று உலகில் வெளியாகும் ஒரு மருத்துவ நூல் பதினான்கு ஆண்டுகளில் தமிழுக்கு வருமா என்று எங்களையே கேட்டுக்கொள்ளலாம்.

சொற்களை அவர் எப்படித் தேடினார் என்பதை நூல்களின் பெயர்களே காட்டுகின்றன. 1857 இல் வந்தது "பிரசவ வைத்தியம்". 1867 இல் வந்தது "இரண வைத்தியம்". இவை ஊரில் ஏற்கெனவே வழங்கிய சொற்கள். ஊரில் சொல் இல்லாதபோது வடமொழியை நாடினார். "அங்காதிபாதம்", "சுகரணம்" என்பன அப்படி வந்தவை. அதுவும் கைகொடுக்காதபோது ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ்ச் சட்டை போட்டார். "கெமிஸ்தம்" அப்படிப் பிறந்தது. மாணவர்களையும் மொழிபெயர்ப்பில் ஈடுபடுத்தி, அவர்கள் எழுதியதைத் திருத்தினார். 1873 இல் தாய்நாடு திரும்பிய பிறகும் வேலையை விடவில்லை. "கெமிஸ்தம்" 1875 இலும் "மனுஷ சுகரணம்" 1883 இலும் வெளிவந்தன. 1884 இல் அவர் காலமானார்.

இனி ஒரு கசப்பான உண்மை. அங்காதிபாதம், சுகரணம் என்ற சொற்கள் இன்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சொற்களில் குறையில்லை. அவருக்குப் பின் தமிழில் மருத்துவம் கற்பிப்பது தொடரவில்லை. கற்பிப்பவரும் கற்பவரும் இல்லாத சொல் நூலகத்தில் உறங்கிவிடும்.

அதன் விளைவை நாங்கள் தினமும் கிளினிக்கில் காண்கிறோம். ஐந்து வருடம் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, தமிழில் பேசும் அம்மா ஒருவரின் முன்னால் இருக்கிறோம். சீனி வருத்தம், பிறசர், குளிசை என்று ஓரளவு சமாளிக்கிறோம். "இந்தக் குளிசையை ஏன் நிற்பாட்டக் கூடாது?" என்று அவர் கேட்டால், விளங்கும்படி சொல்வதற்குள் அடுத்த நோயாளி வந்துவிடுகிறார். கிளினிக் கொப்பியில் நாங்கள் எழுதுவதோ அவருக்கு வாசிக்க முடியாத ஆங்கிலம்.

புலம்பெயர்ந்த சகோதரிகளின் வீடுகளில் நிலைமை இன்னும் சங்கடமானது. ரொறன்ரோவிலோ லண்டனிலோ அம்மம்மாவை டொக்டரிடம் கூட்டிப்போனால் பேரன்தான் மொழிபெயர்ப்பாளர். கருப்பை இறங்கிய வருத்தத்தை அம்மம்மா பேரனிடம் எப்படிச் சொல்வார்? சொல்லாமலே திரும்பி வருவார். சொல்லாத வருத்தத்துக்கு மருந்து இல்லை.

இங்கே பெண்களாகிய எங்களுக்கென ஒரு பங்கு இருக்கிறது. "பிரசவ வைத்தியம்" வெளிவந்த காலத்தில் கிறீனிடம் கற்றவர்கள் ஆண்கள். ஊரில் பிள்ளைப்பேறு பார்த்தவர்களோ மருத்துவிச்சிகள். நூல் ஒரு பக்கம், கைப்பழக்கம் மறுபக்கம். இன்று அந்த இரண்டும் எங்களிடமே உண்டு. இப்பாடசாலை எங்களுக்குத் தமிழையும் தந்தது, விஞ்ஞானத்தையும் தந்தது. எங்களுக்குள் வைத்தியர், தாதியர், குடும்பநல உத்தியோகத்தர், மருந்தாளர், ஆசிரியைகள் என எத்தனையோ பேர் இருக்கிறோம்.

ஆகவே நூற்றாண்டை முன்னிட்டு ஒரு சிறு வேண்டுகோள். ஒவ்வொருவரும் தமக்கு நன்கு தெரிந்த ஒரு வருத்தத்தைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுதுவோம். மாதவிடாய் நிற்கும் காலம், மார்பில் கட்டி, பிள்ளைப்பேற்றின் பின்வரும் மனச்சோர்வு என எதுவாகவும் இருக்கலாம். எழுதியதை முதலில் எங்கள் வீட்டு மூத்தவருக்கு வாசித்துக் காட்டுவோம். அவர் எந்த இடத்தில் "என்ன பிள்ளை சொல்லுறாய்?" என்று கேட்கிறாரோ, அந்த இடத்தைத் திருத்துவோம். தமிழாசிரியைகள் மொழியைப் பார்க்கட்டும். துறைசார்ந்தவர்கள் பொருளைப் பார்க்கட்டும். சங்கம் அவற்றைத் தொகுத்துப் பாடசாலை நூலகத்திலும் ஊர்க் கிளினிக்குகளிலும் வைக்கட்டும்.

வேற்று மொழிக்காரர் ஒருவர் எங்கள் மொழியைக் கற்று இத்தனை நூல்களைத் தந்துவிட்டுப் போனார். அந்த மொழியில் பிறந்த நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கமாவது எழுதுவோம்.