எழுத்து வசப்படாத பிள்ளைகள்

 

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கே நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறது. பள்ளிக்கு வந்தும் எழுத்து வசப்படாமல் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

வாய்க்கணக்கை நொடியில் போடுவான். கேட்ட கதையைப் பிசகாமல் சொல்வான். ஐந்தாம் வகுப்பிலும் 'பள்ளி'யைப் 'பல்லி' என்று எழுதுவான். கொம்பும் காலும் இருபுறமும் நிற்கும் 'கொ' அவனைத் திணற வைக்கும். இன்னொரு பெண்ணுக்கோ இரண்டு வரி எழுதி முடிப்பதற்குள் கவனம் கலைந்துவிடும். வசதியுள்ள வீட்டில் இத்தகைய பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்வர். நம் தெருவில் பிறந்துவிட்டாலோ, 'அவங்களுக்குப் படிப்பு ஏறாது' என்ற பழஞ்சொல்லே போதிய விளக்கமாகிவிடுகிறது. பிள்ளையின் இடர்ப்பாடு சாதியின் கணக்கில் எழுதப்படுகிறது. நம்மவரும் அதை நம்பிப் பிள்ளையைச் செங்கற்சூளைக்கு அனுப்பிவிடுகின்றனரே, அதுதான் நமக்கு ஆற்றொணா வருத்தம்.

1896ஆம் ஆண்டில் பிரிங்கில் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கில் கெட்டிக்காரன், தன் பெயரையே எழுத்து மாறி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் சூட்டிகையானவன் என்று அவனுடைய ஆசிரியர் கூறினாராம். அந்த ஆசிரியரின் கண் நம் ஊர்களுக்கும் வேண்டும்.

இப்போது மூளைப் பயிற்சி, நினைவாற்றல் பயிற்சி என்று பலகை மாட்டிப் பணம் பெறுவோர் பெருகியுள்ளனர். கணிப்பொறி விளையாட்டால் கவனம் வளரும் என்பர். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோர் கண்டது வேறு. பழகிய விளையாட்டில் பிள்ளை தேறுகிறது. அத்தேர்ச்சி வாசிப்புக்கும் கணக்குக்கும் பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. லூமோசிட்டி என்னும் பெயரில் இவ்வகை விளையாட்டுகளை விற்ற நிறுவனம், போதிய சான்றின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்க அரசின் வணிக ஆணையம் தொடுத்த வழக்கில் 2016இல் இருபது இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. வட்டிக்கு வாங்கி அங்கே கட்ட வேண்டா.

முதலில் அரசு மருத்துவமனையில் கண்ணையும் காதையும் சோதித்துப் பாருங்கள். பிறகு, வாசிப்பை வாசிப்பின் வழியாகவே பயிற்றுங்கள். ஓர் எழுத்து, அதன் ஒலி. கேட்கட்டும், சொல்லட்டும், மணலில் விரலால் எழுதட்டும். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஒன்று படிந்த பின்னரே அடுத்தது. கவனம் சிதறும் பிள்ளையை முன்வரிசையில் அமர்த்தி, ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்லி, அது முடிந்ததும் மற்றதைச் சொல்லுங்கள். மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்கள் அப்பிள்ளைக்கு நாள்தோறும் கால்மணி நேரம் தனியே ஒதுக்கினால் போதும். ஆனால் ஒருநாளும் தவறக்கூடாது.

சட்டமும் துணை நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. அரசுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கியபின் சான்றுக்கு அலைவதில் பயனில்லை. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே அப்பணியைத் தொடங்கிவிடுங்கள்.