வேதாகமத்துக்கும் ஒரு முற்றோதல்

திருவண்ணாமலையில் முற்றோதல் என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. திருவாசகத்தில் 51 பதிகங்கள், 658 பாடல்கள். காலையில் சிவபுராணத்தில் தொடங்கினால் அச்சோப் பதிகத்தை முடிக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். ஓதத் தெரிந்தவர் முன்னே சொல்ல, மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்துக் கூடவே சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் பொருள் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் சிலர்தான். ஆனாலும் நடுவில் ஒரு பதிகத்தைத் தாண்டிப் போகலாம் என்று ஒருவரும் சொல்வதில்லை. திருவெம்பாவை பிறந்ததே இந்த மண்ணில்தான் என்பது மரபு.

வேதாகமத்தை முழுதாக வாசிப்பது எப்படி என்ற கேள்வியை எழுப்ப இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் இது. லுத்தரன் சபையாரும் கத்தோலிக்கரும் கிரிவலப் பாதையின் அருகிலேயே தலைமுறைகளாக வாழ்கிறார்கள். வேதம் வாசிக்கிற பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. முழுதாக முடித்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுத்துக்கொள்வது தமிழ்ச் சபைகளில் ஊறிய வழக்கம். பீரோக் கண்ணாடியில் அது வருஷம் முழுக்க இருக்கும். அப்படி அதிகம் அச்சாகும் வசனங்களில் எரேமியா 29:11 ஒன்று. தேவன் தம் ஜனத்துக்குத் தீமை நினைக்கவில்லை, நல்ல முடிவையே நினைத்திருக்கிறார் என்பது அதன் கருத்து. அதற்கு முந்தின வசனம் அட்டையில் வருவதில்லை.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பிய கடிதத்தில் வருகிறவை இந்த வசனங்கள். விடுதலைக்கு எழுபது வருஷம் ஆகும் என்கிறது பத்தாம் வசனம். கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்கள் ஊர் திரும்பப் போவதில்லை. அதனால்தான் வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், உங்களைக் கொண்டுபோன பட்டணத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று அவர் முதலிலேயே எழுதிவிடுகிறார். இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறான். அது பொய் என்கிறார் எரேமியா. இத்தனையும் தெரிந்து வாசிக்கிறவருக்கு அந்த வசனம் அட்டையில் இருந்ததைவிட உறுதியாக நிற்கும். தங்கள் பேரப்பிள்ளைகளுக்காக நம்பத் துணிந்தவர்களின் வசனம் அது. முழு வாசிப்பு தருகிற பலன் இதுதான்.

எப்படி வாசிப்பது? பரவலான வழி வருஷத் திட்டம். புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 66 ஆகமங்கள், 1189 அதிகாரங்கள். தினம் மூன்று அதிகாரத்துக்குச் சற்று மேலே வாசித்தால் 365 நாளில் முடிந்துவிடும். (கத்தோலிக்கருக்கு 73 நூல்கள்.) கணக்கு சரிதான். ஆனால் ஜனவரி கடைசியில் லேவியராகமம் வந்துவிடும். பலிகள், குஷ்டரோகச் சோதனை, தின்னத்தக்கவை, தகாதவை என்று போகிற அந்த 27 அதிகாரங்களில்தான் பலருடைய தீர்மானம் உட்கார்ந்துவிடுகிறது.

இந்தச் சோர்வை முன்பே கண்டவர் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் மர்ரே மக்செயின். 1842இல் அவர் தம் சபைக்கு ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தார். தினமும் நான்கு வெவ்வேறு இடங்களிலிருந்து வாசிப்பு. வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறை. சம்பவங்கள் நடந்த வரிசையில் வாசிக்கிற முறையும் உண்டு. அதில் 51ஆம் சங்கீதத்தைத் தனியாக வாசிப்பதில்லை. தாவீது உரியாவைச் சாகக் கொடுத்த கதையையும் நாத்தான் வந்து முகத்துக்கு நேரே சொன்னதையும் இரண்டாம் சாமுவேலில் வாசித்துவிட்டு, அதே மூச்சில் அந்த மன்றாட்டுக்கு வர வேண்டும். கதை தெரிந்த பின் அதை வெறும் பாட்டாகப் பாடிவிட முடியாது.

முழுதாக வாசிப்பதைப் பற்றிப் பேசுகிறோம்; ஆனால் தமிழர் கைக்கு வேதாகமம் துண்டு துண்டாகத்தான் வந்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார். 1719இல் அவர் இறந்தபோது பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத் வரை வந்திருந்தது. மீதியை முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்சே. 1728இல் அச்சு நிறைவேறியது.

அந்த ரூத்தின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். மோவாப் நாட்டு விதவை ஒருத்தி அறுவடை வயலில் சிந்தின கதிர் பொறுக்கிப் பிழைக்கிறாள். அது நிலக்காரர் இரக்கப்பட்டுப் போட்ட பிச்சையா? லேவியராகமம் 19ஆம் அதிகாரம் வாசித்தவருக்கு விடை தெரியும்: வயலின் ஓரத்தைத் தீர அறுக்கக் கூடாது, சிந்தினதைப் பொறுக்கக் கூடாது, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது. கூலிக்காரன் கூலியை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது என்பதும், தன்னைப் போல் பிறனை நேசிக்கும் கட்டளையும் அதே அதிகாரத்தில்தான். லேவியராகமத்தைத் தாண்டிப் போகிறவர் இழப்பது இவ்வளவு.

ஒரு எதிர்வாதம் இந்த ஊரிலேயே இருக்கிறது. மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்த வேங்கடராமன் 1896 செப்டம்பர் முதல் தேதி இங்கு வந்து ரமண மகரிஷியானார். வேதாந்தம் முழுவதும் யாத்திராகமம் 3:14, சங்கீதம் 46:10 என்ற இரண்டு இடங்களிலேயே அடங்கியிருப்பதாக அவர் சொன்னது ஆசிரமப் பதிவுகளில் உள்ளது. இரண்டே வசனம் போதுமென்றால் 1189 அதிகாரம் எதற்கு? அவரைப் போல் அதிலேயே நிலைத்தவருக்குப் போதும். மற்றவர்கள் சுற்றியிருப்பதையும் வாசிக்க வேண்டும். யாத்திராகமம் 3:14இல் வருவது, எரிந்தும் வெந்துபோகாத முட்செடியின் முன்னால் மோசே கேட்ட தேவனுடைய பெயர். கேட்ட கையோடு பார்வோனிடம் போய் அடிமைகளை மீட்கச் சொல்லி அனுப்பப்படுகிறான். அக்கினித் தலமான இந்த ஊரில் இருப்பவர்கள் அந்த அக்கினி யாரை எங்கே அனுப்பியது என்பதையும் அறிய வேண்டாமா?

முழுதாக ஓதும் மரபுக்கும் இந்த ஊரோடு தொடர்பு உண்டு. 1949 ஜனவரியில் ரமணரைக் காண வந்த பிரெஞ்சுத் துறவி ஆன்ரி லெ சோ, பின்னாளில் அபிஷிக்தானந்தர், 1952 முதல் இந்த மலைக் குகைகளில் பலமுறை தங்கினார். அவர் பெனடிக்ட் சபைத் துறவி. ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்தச் சபையின் ஒழுங்கு, 150 சங்கீதங்களையும் வாரம் ஒருமுறை ஓதச் சொல்கிறது. துதியும் உண்டு, சாபமும் உண்டு. பிடித்ததை மட்டும் பொறுக்க வழியில்லை. 1971இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் அன்றாட ஜெபமான திருப்புகழ்மாலையைச் சீரமைத்தபோது நான்கு வாரச் சுற்றாக்கி, சபிக்கும் சங்கீதங்கள் மூன்றை விட்டுவிட்டது. காரணம் புரிகிறது, ஆனாலும் அது இழப்புதான். வஞ்சிக்கப்பட்டவனின் கோபமும் ஜெபமாகலாம் என்று சொல்ல அந்த மூன்றும் இருந்தன.

ஆக, சிறந்த வழி எது? அட்டவணை எதுவானாலும் சரி. தனியாக, மௌனமாக வாசிப்பதுதான் பலரைப் பாதியில் நிறுத்துகிறது. நெகேமியா 8ஆம் அதிகாரத்தில் எஸ்றா தண்ணீர்வாசல் வீதியில் நின்று விடியற்காலம் தொடங்கி மத்தியானம் வரை வாசிக்கிறார். ஆண்களும் பெண்களும் நின்று கேட்கிறார்கள், லேவியர் பொருள் சொல்கிறார்கள். அதுவும் முற்றோதல்தான். சத்தமாக வாசித்தால் முழு வேதாகமமும் நூறு மணி நேரத்துக்குள் அடங்கும். வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு வருஷம்.

சபைகளும் கத்தோலிக்கரின் அன்பியக் குழுக்களும் இதைக் கையில் எடுக்க வேண்டும். முதல் வாரம் ரூத்; நான்கே அதிகாரம், அரை மணிக்குள் முடியும். அடுத்து மாற்கு சுவிசேஷத்தை ஒரே அமர்வில் வாசிக்கலாம். பிறகு ஆதியாகமத்துக்குப் போகலாம். எழுத்துக் கூட்டி வாசிக்கிற பெரியவருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் ஆளுக்கொரு அதிகாரம் கொடுங்கள். லேவியராகமம் வரும் வாரத்தில் ஆள் குறைந்தாலும் வாசிப்பை நிறுத்தாதீர்கள்.