கடல் கடந்த ஓய்வுக் காலம்



பினாங்குத் தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனில், கடற்கரைக்கு அண்மையில், ஒரு பழைய இடுகாடு இருக்கிறது. ஈழத்தலரி மரங்களின் நிழலில் பாசி படிந்து கிடக்கும் கல்லறைகளுள் ஒன்று பிரான்சிஸ் லைட் என்பவருடையது. 1786ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அத்தீவில் கொடியேற்றியவர் அவர். எட்டே ஆண்டுகளில், 1794இல், மலேரியாக் காய்ச்சலுக்கு இரையானார். அவரைச் சுற்றி உறங்குவோரில் பலர் முதுமையின் வாயிலைக்கூட எட்டாதவர்கள். அந்நாளில் வெப்ப நாட்டுக்கு வந்த வெள்ளையர் முதுமையடையும் முன்பே மாண்டனர். இந்நாளிலோ, அவர்தம் வழிவந்தோர் முதுமையைக் கழிப்பதற்கென்றே அங்கே வந்து குடியேறுகின்றனர். அப்படிக் குடியேறியவர்களோடு நாங்களும் பத்தாண்டுக் காலம் வாழ்ந்தோம்.

நாங்கள் என்றால் கணவனும் மனைவியும். தில்லியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள். எங்களில் ஒருவருக்குச் சுவாசக் குழாயில் நோய். தில்லியின் மார்கழிப் புகையும் பனியும் ஆண்டுதோறும் அவரைப் படுக்கையில் தள்ளிவிடும். மலேசிய அரசு 1996இல் வயது முதிர்ந்த அயல்நாட்டவருக்காகத் தொடங்கிய திட்டமொன்றை, 2002இல் 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்ற பெயரில் விரிவாக்கியிருந்தது. ஐம்பது வயதைக் கடந்தவர், குறித்த வருமானத்துக்குச் சான்று காட்டி, வங்கியில் 1,50,000 ரிங்கிட் வைப்பு வைத்தால், பத்தாண்டுக் காலம் அங்கு வாழ அப்போது அனுமதி கிடைத்தது. ரிங்கிட்டை அங்குள்ள தமிழர் 'வெள்ளி' என்றே சொல்வர். தில்லி வீட்டை விற்று அந்த வெள்ளியைத் திரட்டிக்கொண்டு 2012ஆம் ஆண்டில் போய்ச் சேர்ந்தோம். புகைக்கு அஞ்சி ஓடிய எங்களை, 2015ஆம் ஆண்டுப் புரட்டாசி மாதத்தில், சுமத்திராவில் எரிந்த காடுகளின் புகைமூட்டம் கடல் தாண்டி வந்து நலம் விசாரித்தது என்பது வேறு கதை.

பினாங்கில் கோடையும் இல்லை, குளிரும் இல்லை. ஆண்டு முழுவதும் பகலில் 31, 32 பாகை. இரவில் 24 பாகை. இடையிடையே பெருமழை. இத்தகைய இடத்தில் வாழ்வதற்கென்று தனியாகக் கற்க வேண்டியது ஏதுமில்லை என்று, இந்தியராகிய நாங்கள் இறுமாந்திருந்தோம். அந்த இறுமாப்பு ஆறு மாதத்தில் அகன்றது.

முதுமையில் தாக உணர்ச்சி மழுங்கிவிடுகிறது. உடல் நீரை இழந்துகொண்டிருக்கும்; ஆனால் நாவோ நீர் கேட்பதில்லை. வியர்க்கும் ஆற்றலும் குறைந்துவிடுவதால் உள்வெப்பம் வெளியேறத் தாமதமாகும். இதனோடு, இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையையும் உட்கொள்பவராயின், உடலின் நீரும் உப்பும் இரு வழியாலும் வடிந்துபோகும். எங்களில் ஒருவர் ஒரு காலைப்பொழுதில் தாவரத் தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்தபோது, நின்ற நிலையிலேயே கண் இருண்டு சரிந்தார். அங்கிருந்த குரங்குகள் எங்கள் பையிலிருந்த வாழைப்பழத்தைக் கவர்ந்துகொண்டு ஓடியதுதான் அவர் கண்ட கடைசிக் காட்சியாம்! மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். "குளிர் நாட்டிலும் வறண்ட நாட்டிலும் எழுதிக் கொடுத்த மருந்தை இங்கே அப்படியே தொடராதீர்கள்; வந்து இறங்கிய மாதத்திலேயே மீண்டும் சோதித்துக்கொள்ளுங்கள்" என்றார். அதன்பின் உலாவுதல் எட்டு மணிக்குள் முடிந்துவிடும். தாகம் இருப்பினும் இல்லாவிடினும், மணிக்கணக்கு வைத்து நீர் அருந்துவது வழக்கமாயிற்று.

இவை போன்ற சிறிய ஏற்பாடுகளால் ஆனதுதான் அங்கே முதியோரின் அன்றாட வாழ்க்கை. மருந்துகளைச் சமையலறை அலமாரியில் வைத்தால் ஈரத்தில் நொதித்துப் பொடியாகிவிடும். இன்சுலின் வைத்திருக்கும் குளிர்ப்பெட்டி மின்சாரத் தடையின்போது எவ்வளவு நேரம் தாங்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். மழைநாளில் பளிங்குத் தரை வியர்க்கும். அத்தரையில் வழுக்கி விழும் முதியவர், கொசுக்கடியால் வீழ்பவரைவிடக் குறைந்தவர் அல்லர். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்துவதற்கு வீட்டுக்காரரிடம் மூன்று முறை இசைவு கேட்டோம். நான்காம் முறை கேட்காமலே பொருத்திவிட்டோம்.

கொசுவைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். லைட்டைக் கொன்ற மலேரியா அந்நாட்டில் பெரிதும் ஒடுங்கிவிட்டது. 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா அங்கே பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து வரும் வகை மட்டும் காட்டோரங்களில் எஞ்சியுள்ளது. அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது டெங்குக் காய்ச்சல். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. தெளிந்த நீரை நாடுகிறது. பூந்தொட்டித் தட்டு, குளிர்ப்பெட்டியின் அடித்தட்டு, மாடியில் கவிழ்க்க மறந்த வாளி ஆகியவையே அதற்குப் போதும். முட்டை கொசுவாவதற்குப் பத்து நாட்கள்கூட வேண்டா. கடிப்பதும் இரவிலன்று, காலையிலும் மாலையிலும். ஆகையால் கொசுவலைக்குள் பத்திரமாக உறங்குகிறோம் என்ற நிம்மதிக்கு இங்கே பொருளில்லை. கொசு வளரும் நீரை வீட்டில் தேங்கவிட்டவருக்குத் தண்டம் விதிக்க அங்கே 1975ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்திருக்கிறார்கள். சுகாதார ஆய்வாளர் வந்து தொட்டிகளைப் புரட்டிப் பார்ப்பார்.

2014ஆம் ஆண்டில் மலேசியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை டெங்கு பற்றியது. அவர்களுள் எங்களில் ஒருவரும் சேர்ந்தார். யார் என்பது இங்கு முக்கியமன்று; ஒருவர் படுத்தால் இருவரும் படுத்ததாகத்தான் அவ்வயதில் கணக்கு. மூன்று நாள் கடுங்காய்ச்சல்; கண்ணின் பின்புறம் வலி; எலும்பை முறிப்பது போன்ற நோவு. நான்காம் நாள் காய்ச்சல் தணிந்தது. கஞ்சி வைத்தோம், கடவுளுக்கு விளக்கேற்றினோம். அன்று மாலை எதிர் வீட்டுச் சீன அம்மையார் எட்டிப் பார்த்தார். நாற்பதாண்டுக் காலம் செவிலியாகப் பணியாற்றியவர் அவர். எங்கள் மகிழ்ச்சியைக் கண்டு அவர் முகம் சுருங்கியது. "காய்ச்சல் விட்டதா? எனில் இனித்தான் கவனிக்க வேண்டும்" என்றார். வயிற்றில் வலி உண்டா, வாந்தி நிற்காமல் வருகிறதா, ஈறில் இரத்தம் கசிகிறதா, காரணமின்றிச் சோர்ந்து கிடக்கிறாரா என்று ஒவ்வொன்றாக வினவினார். நாங்கள் கையில் வைத்திருந்த வலிநீக்கி மாத்திரையை வாங்கித் தம் பையில் போட்டுக்கொண்டார். பாரசிட்டமால் தவிர வேறெதுவும் கூடாது. ஆஸ்பிரின் போன்றவை இரத்தப்போக்கை மிகுவிக்கும் என்பதை அன்றுதான் அறிந்தோம். காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து, தட்டணுக்கள் குறைந்து, சிலர் அதிர்ச்சி நிலைக்கு உள்ளாகிறார்கள். அந்த ஓரிரு நாளில் நரம்பின் வழியே அளவறிந்து நீர் ஏற்றினால் பெரும்பாலோர் பிழைத்துவிடுவர்.

அன்று சனிக்கிழமை இரவு. தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு விரைந்தோம். மருத்துவர்கள் திறமை மிக்கவர்கள்; குறை கூறுவதற்கில்லை. ஆனால் வாயிலில் இருந்த கணக்கர், காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் வந்த பின்பே படுக்கை என்றார். இன்றேல் முன்பணமாகப் பல ஆயிரம் வெள்ளி கட்ட வேண்டும். கடிதம் தர வேண்டிய அலுவலகமோ திங்கட்கிழமைதான் திறக்கும். எங்கள் இந்திய வங்கி அட்டை அந்தத் தொகையை ஏற்கவில்லை. அரசு மருத்துவமனைக்குப் போகலாம். அங்கே அந்நாட்டுக் குடிமக்கள் ஒரு வெள்ளிக்கும் ஐந்து வெள்ளிக்கும் மருத்துவம் பெறுகிறார்கள், அயல்நாட்டவர் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது நியாயமே. ஆனால் அந்நேரத்தில் மற்றோரிடம் போய்க் காத்திருக்க உடலில் வலுவில்லை. எங்களோடு வந்திருந்த அந்தச் சீன அம்மையார் ஒரு சொல்லும் சொல்லாமல் தம் அட்டையை எடுத்து நீட்டினார். அதுவரை அவருக்கும் எங்களுக்கும் இருந்த உறவு, பண்டிகை நாளில் பலகாரம் மாற்றிக்கொள்ளும் அளவினதே.

பிழைத்து வீடு திரும்பியபின் எங்கள் சிந்தனை மாறியது. வீட்டு வாடகை எவ்வளவு, கோப்பிக் கடையில் உணவு எவ்வளவு, கடல் எவ்வளவு தூரம் என்று புறப்படுமுன் பட்டியல் போட்டிருந்தோம். பட்டியலில் இல்லாத ஒன்று, நள்ளிரவில் நமக்காகக் கையெழுத்திட அங்கே எவர் இருக்கிறார் என்பது.

காப்பீட்டின் இயல்பையும் சொல்லிவிட வேண்டும். அறுபது வயதில் அது மலிவாகக் கிடைக்கும். தேவையும் அப்போது குறைவு. அறுபத்தைந்தில் கட்டணம் ஏறும். பழைய நோய்கள் ஒவ்வொன்றாக விலக்கப்படும். எங்கள் பத்திரம் எழுபதாம் வயதில் அடியோடு நின்றுவிட்டது. மேற்சொன்ன குடியேற்றத் திட்டத்தில், வயது காரணமாகக் காப்பீடு கிடைக்காதவருக்கு அந்நிபந்தனையிலிருந்து விலக்கு அளிப்பது உண்டு. இதை முதலில் பெரும் சலுகையாகக் கருதினோம். அரசு மன்னித்துவிட்ட குறையை மருத்துவமனைக் கணக்கர் மன்னிப்பதில்லை என்பதைப் பிறகு உணர்ந்தோம். தில்லியில் எங்களுக்கிருந்த மத்திய அரசின் சுகாதாரத் திட்ட அட்டையும் நாட்டின் எல்லைக்கு அப்பால் செல்லாது. அமெரிக்க முதியோரின் 'மெடிக்கேர்' காப்பீட்டுக்கும் ஏறக்குறைய அதே நிலைதான்.

கீழ் வீட்டில் இருந்த ஆங்கிலேயப் பெரியவரின் நிலை இன்னும் விந்தையானது. பிரிட்டிஷ் அரசின் ஓய்வூதியம் தாய்நாட்டில் வாழ்வோருக்கு ஆண்டுதோறும் உயர்கிறது. மலேசியாவில் குடியேறியவருக்கு அவர் வந்தபோது இருந்த தொகை அப்படியே உறைந்து நிற்கும். இந்தியாவில் வாழ்வோருக்கும் அவ்வாறே. பிலிப்பைன்ஸ் தீவுகளில் வாழ்பவருக்கோ உயர்த்தித் தரப்படுகிறது. அவர் 2005இல் வந்தவர். "என் வயது மட்டும் ஏறுகிறது, மன்னரானாலும் அரசியானாலும் எனக்கு அனுப்புவது ஒரே தொகைதான்" என்று நகைப்பார். மனைவியை இழந்த அவர், காலையில் பாசார் வீதியில் தமிழர் கடையில் இட்டலி உண்டு, மாலையில் எங்கள் வீட்டு வாயிலில் நாளிதழுடன் அமர்வார்.

டெங்குவுக்குப் பின் நாங்கள் மூன்று வீட்டாரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். ஒவ்வொருவர் வீட்டுச் சாவியும் மற்றொருவரிடம் இருக்கும். காலை எட்டு மணிக்குள் முன் சன்னலின் திரை விலகியிருக்க வேண்டும். விலகாவிட்டால் சாவியுடன் உள்ளே போவது. அவரவர் நோய், மாத்திரையின் பெயர், அளவு, ஒவ்வாத மருந்து, உறவினரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினோம். வங்கியில் ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி, அதை இல்லாததாகவே பாவித்து வந்தோம். 2017இல் ஒரு நாள் ஆங்கிலேயரின் திரை விலகவில்லை. உள்ளே போய்ப் பார்த்தபோது குளியலறையில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். இரவு பத்து மணியிலிருந்து கிடக்கிறாராம். இன்னும் ஒரு பகல் கழிந்திருந்தால் அவரும் அந்த ஈழத்தலரி நிழலுக்குப் பக்கத்தில்தான் போயிருப்பார்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஊருக்குப் போயிருந்த அயல்நாட்டவர் பலர் தம் 'இரண்டாவது இல்லத்துக்கு'த் திரும்ப இயலாமல் மாதக்கணக்கில் தவித்தனர். ஊரிலேயே இருந்த எங்களுக்கு வேறு தவிப்பு. எங்களில் மூத்தவரின் காப்பீடு அவ்வாண்டில்தான் முடிந்தது. 2021இல் திட்டத்தின் விதிகளைக் கடுமையாக்கினார்கள். மாத வருமானம் 40,000 வெள்ளி, வைப்பு பத்து லட்சம் வெள்ளி என்றார்கள். பழையவர்களுக்குப் பிறகு சற்றுத் தளர்த்தினாலும், அச்செய்தி வந்த இரவில் எங்கள் மாடியில் பலர் உறங்கவில்லை. 2024இல் வகுத்த பொதுப் படிநிலைகளில் மிகத் தாழ்ந்த படிக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்பு. அதனோடு வீடும் வாங்க வேண்டும். விருந்தோம்பும் நாட்டுக்குத் தன் வாயிலின் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் உரிமை உண்டு. அதில் மனக்குறை கொள்வது சரியன்று. எழுபது வயதில் மீண்டும் மனுப்போட்டு, தாம் வேண்டியவர்தாம் என்று மெய்ப்பிக்க வேண்டியிருப்பதுதான் உடலை உலுக்குகிறது.

எங்கள் பத்தாண்டு 2022இல் முடிந்தது. நீட்டிக்க விண்ணப்பிக்கலாமா என்று ஒரு மாதம் பேசினோம். அங்கே எங்களை எழுப்ப ஒருவர் இருந்தார். ஆனால் எண்பது வயதில் படுத்தால் தாங்குவதற்குப் பணமில்லை. இங்கே சுகாதார அட்டை இருக்கிறது; எதிர் வீட்டில் இருப்பவர் யாரென்று இன்னும் தெரியாது. முடிவில் அட்டையே வென்றது. அம்முடிவு சரிதானா என்று இன்றும் எங்களுக்குள் வழக்கு நடக்கிறது.

புறப்பட்ட நாள் காலையில் எங்கள் சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தோம். ஆங்கிலேயரின் வீட்டுச் சாவி எங்களிடம் இருந்தது. அதை எவரிடம் தருவது என்று தயங்கினோம். சீன அம்மையாருக்கும் அப்போது எண்பதை நெருங்கிய வயது, படியிறங்க முடியாது. மூன்றாம் மாடியில் ஒரு மாதத்துக்கு முன் வந்து குடியேறியிருந்த ஜப்பானியத் தம்பதியரின் கதவைத் தட்டினோம். மொழி சரிவரப் புரியவில்லை. சன்னல் திரையைக் காட்டி, கைக்கடிகாரத்தில் எட்டு மணியைக் காட்டி, சாவியை அந்தப் பெரியவரின் உள்ளங்கையில் வைத்தோம். அவர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, குனிந்து வணங்கிவிட்டு, உடனே உள்ளே போய்த் தம் வீட்டுச் சாவியின் மறுபடி ஒன்றை எடுத்து வந்து எங்களிடம் நீட்டினார். நாங்கள் ஊருக்குப் போகிறவர்கள் என்பதை அவருக்கு விளக்கிச் சொல்ல வெகு நேரமாயிற்று.