கண்டதும் கருதியதும்
(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



காண்டல், கருதல், உரை என அளவைகள் மூன்றை நம் சைவநூலார் வகுத்தனர். நெருப்பைக் கண்ணாற் காண்பது காண்டல். புகையைக் கண்டு நெருப்புண்டென உணர்வது கருதல். இப்பாகுபாடு இன்றைய உயிரியல் ஆய்வுக்கும் வேண்டியதென்பதையே நாம் இங்கு சொல்ல விழைகின்றோம்.

நோய்க்கிருமிகளோடு பொருதும் வெண்குழியங்களின் நடமாட்டத்தைக் காண்பதெங்ஙனம்? முன்னாளில் உயிர்நீங்கிய இழையத்தை மெல்லிதாகச் சீவி நுணுக்குக்காட்டியிற் பார்த்தனர். அது தேர்த்திருவிழாவை ஒரேயொரு நிழற்படத்திற் பார்ப்பது போன்றது. யார் எத்திசை சென்றார், எவரோடு நின்றார் என்பது அதிற் தெரியாது.

2002ஆம் ஆண்டில், அமெரிக்காவின் இர்வைன் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில், மில்லர், பாக்கர், கஹலன் முதலியோர் சுண்டெலியின் நிணநீர்க்கணுவைச் சீவாமல் ஆராய்ந்தனர். குழியங்களுக்கு ஒளிருஞ் சாயமேற்றி, லேசர் ஒளி பாய்ச்சி, படை படையாகப் படம் பிடித்தனர். கணனி அப்படைகளை அடுக்கி, ஆழமும் அசைவுமுள்ள காட்சியாக்கிற்று. ரீ-குழியங்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11 மைக்குரோமீற்றர் வேகத்தில், திசையொன்றுங் குறியாது அலைந்தன.

கண்ணாற் கண்டாயிற்று, இனி ஐயமென்ன எனத் தோன்றும். ஆனால், சாயமேறியது மாத்திரமே அப்படத்திற் தெரியும், ஏறாதது இருளே. 2006இல் பஜெனோவ், ஜேர்மெயின் முதலியோர் நிணநீர்க்கணுவின் உட்சட்டமாகிய வலைப்பின்னலையும் ஒளிரச் செய்தனர். குழியங்கள் அவ்வலையின் இழைகளைப் பற்றியே சென்றமை புலனாயிற்று. பாதை பலவாய்க் கிளைப்பதால் நடை ஒழுங்கற்றுத் தோன்றியதென விளக்கினர். இரவில் விளக்கேந்திச் செல்வோரைத் தூரத்தே நின்று பார்ப்பவன் விளக்குகளைக் காண்பான், ஒழுங்கையைக் காணான்.

இன்னொரு வகைப் படமும் உண்டு. 1992இல் செலாடா, சைடன் என்போர் குழியங்களையும் பிறபொருளெதிரிகளையும் கணனிக்குள்ளேயே படைத்து, விதிகள் சில கொடுத்து உலவவிட்டனர். இது முற்றிலும் கருதல். கண்முன் அசைவதால் அது காண்டல் ஆகிவிடாது. இட்ட விதி பிழையாயின், காட்சி எத்துணை அழகாயினும் பிழையே. ஆயினும் அது வீணன்று. விதியின் விளைவை விரைவிற் காட்டி, ஆய்கூடத்திற் சோதிக்க வேண்டியது எதுவெனச் சுட்டுகின்றது.

தோழர்களே, வண்ணப்படம் ஒன்று நம்முன் வரும்போது மயங்காமலும் இகழாமலும் கேட்போம்: இதில் கண்டது எது? கருதியது எது? சாயமேறாது இருளில் நிற்பது எது? பெரியோர் நமக்கு அளவை கற்பித்தது பரீட்சைக்காக மாத்திரமன்று.